ஆப்பை அழித்தாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும்: ஓடிடி சந்தாக்களோடு நான் பட்ட பாடு

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரி இணையத்தில் படம் காட்டும் ஓடிடி ஆப்களின் செலவைக் குறைப்பது எப்படி என்று தேடினால் எந்தத் திட்டம் மலிவு, எந்தக் கார்டுக்குத் தள்ளுபடி என்பதுதான் கிடைக்கும். பணம் எந்த வழியாக வெளியே போகிறது, அதை எங்கே போய் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் கஷ்டம் கொடுத்தது இந்த இரண்டாவது விஷயம்தான். திட்டத்தின் விலையெல்லாம் அதற்கு அப்புறம். நான் தனியாக அலைந்து கண்டுபிடித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் பெரியவர்களும் படிக்கிற பிள்ளைகளும் இருந்து, கணக்குவழக்கு முழுக்க உங்கள் தலையில் இருந்தால், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நாங்கள் கும்பகோணம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இங்கே நான், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பையன், மாமா, அத்தை. மாமா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் பணம் கட்டும்போது ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசு போட வேண்டிய வேலை. அந்தப் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்குப் போய் மெஷினில் பாஸ்புக்கை அச்சடித்து வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பார். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த பிறகு பல மாதம் அவர் போகவில்லை. அப்புறம் போய் மொத்தமாக அச்சடித்து வந்த அன்றைக்கு, சாப்பிடாமல் பாஸ்புக்கையே புரட்டிக்கொண்டிருந்தார். "அம்மாடி, இது என்னன்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

499 ரூபாய் என்று மூன்று வரிகள், மூன்று மாதத்துக்கு ஒன்றாக. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. முதலில் யாரோ திருடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வயிற்றைக் கலக்கியது. ஓய்வூதியம் வருகிற கணக்கு அது, அதில்தான் அத்தையின் மருந்துச் செலவும். அடுத்த நாள் காலையிலேயே வங்கியில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "மேடம், இது ஆட்டோபே. உங்க மாமாதான் அனுமதி கொடுத்திருக்கார். போன்லயே நிறுத்திக்கலாம்" என்று சொல்லிப் பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் நிதானமாகக் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. போனில் ஏதோ பார்க்கும்போது நடுவில் ஒரு விளம்பரம். இரண்டு இரண்டு நிமிடமாக ஓடும் நாடகம், தமிழில் டப்பிங். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, ஒரு ரூபாய் கட்டினால் ஏழு நாள் பார்க்கலாம் என்று காட்டியிருக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின்னை அடித்திருக்கிறார். இரண்டு நாள் பார்த்தார், பிடிக்கவில்லை, ஆப்பை அழித்துவிட்டார். அவர் கணக்கில் அது அங்கேயே முடிந்துபோன விஷயம். ஆனால் அவர் அன்றைக்கு அடித்த பின் எண் ஒரு ரூபாய்க்கு மட்டும் இல்லை. ஏழு நாள் கழிந்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 499 ரூபாய் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கும் சேர்த்துத்தான். அந்த விவரம் திரையின் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். பின் அடிக்கிற பெட்டி வந்துவிட்டால் அதை யார் படிக்கிறார்கள்?

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஆப் வேறு, சந்தா வேறு, மாண்டேட் வேறு என்பது. போனில் இருந்து ஆப்பை நீக்கினால் படம்தான் போகும். பணம் எடுக்கும் அனுமதிக்குப் பெயர் மாண்டேட். அது யுபிஐயிலோ, கார்டிலோ, பிளே ஸ்டோரிலோ தனியாக உட்கார்ந்திருக்கும். அதை அங்கே போய் ரத்து செய்தால்தான் நிற்கும். யுபிஐ ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது. முதல்முறை மட்டும் பின் கேட்கும். அதற்குப் பிறகு, தொகை 15,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை பின் கேட்காமலேயே போகும். கார்டுக்கும் ரிசர்வ் வங்கியின் இதே வரம்புதான். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாகத் தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மாமாவின் போனைத் தேடிப் பார்த்தேன். அந்த எஸ்எம்எஸ் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. ரீசார்ஜ் விளம்பரம், கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரம், இவற்றுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு வரி. விதிப்படி எல்லாம் சரி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எழுபது வயதுக்காரருக்கு அது என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை.

சரி, யுபிஐ ஆப்பைத் திறந்து ரத்து செய்துவிடலாம் என்று பார்த்தால், ஆட்டோபே பகுதி காலியாக இருந்தது. ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் படபடக்கிறது. இல்லாத மாண்டேட் எப்படிப் பணம் எடுக்கும்? இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. மாமா நடுவில் பழைய போனை எக்சேஞ்சில் கொடுத்துப் புதுப் போன் வாங்கியிருந்தார். கடைக்காரப் பையன் புதுப் போனில் வேறு ஒரு யுபிஐ ஆப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். மாண்டேட் உருவானது பழைய போனில் இருந்த ஆப்பில். அது அந்த ஆப்பின் யுபிஐ ஐடியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், புது ஆப்பில் தெரியாது. பழைய ஆப்பையே மறுபடி இறக்கி, அதே சிம், அதே வங்கிக் கணக்கு என்று போட்டு உள்ளே நுழைந்ததும் பட்டியல் வந்தது. அதில் ஒன்று இல்லை, இரண்டு மாண்டேட் இருந்தன. இரண்டாவது இன்னொரு நாடக ஆப், நல்லவேளையாக இன்னும் பணம் எடுக்க ஆரம்பிக்கவில்லை. 499 எடுத்த மாண்டேட்டில் அதிகபட்சத் தொகை 999 என்று போட்டிருந்தது. முடியும் தேதி பல வருடம் தள்ளி இருந்தது. அதாவது, அவர்கள் நினைத்தால் விலையை ஏற்றி 999 வரை எடுத்திருக்கலாம், மறுபடி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரத்து செய்வதற்கும் பின் கேட்கும். அதைப் பார்த்து மாமா பயந்துவிட்டார், மறுபடி பணம் போய்விடுமோ என்று. பயப்பட வேண்டாம், மாண்டேட்டை நீக்கும்போது பின் கேட்பது வழக்கம்தான். ஆனால் திரையில் ரத்து என்று இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு அடியுங்கள். பக்கத்திலேயே தற்காலிகமாக நிறுத்தும் பட்டனும் இருக்கும், அதை அழுத்திவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இப்போது எந்த யுபிஐ ஆப்பில் இருந்தும் எல்லா மாண்டேட்டையும் பார்க்கும் வசதியைத் தரச் சொல்லி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025-ல் உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் ஆப்பில் அந்த வசதி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், இதுவரை எந்தெந்த யுபிஐ ஆப் வைத்திருந்தீர்களோ அத்தனையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. பழைய போனைக் கொடுப்பதற்கு முன்பு பார்த்தால் இன்னும் சுலபம்.

பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு போராட்டம். அந்த ஆப்பின் பெயரைப் போட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடியபோது இணையத்தில் ஒரு எண் கிடைத்தது. எடுத்தவன் மிக மரியாதையாகப் பேசினான், ரீஃபண்ட் உடனே வரும், போனில் ஒரு ஆப்பை இறக்குங்கள், திரையைப் பகிருங்கள் என்றான். அந்த இடத்தில் துண்டித்துவிட்டேன். போன 1,497 ரூபாயைத் தேடிப் போய்க் கணக்கில் இருந்த மொத்தத்தையும் இழக்கும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சேவை எண்ணை அந்த ஆப்புக்குள் இருந்தோ, பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் இருந்தோ மட்டும் எடுங்கள். பணம் ஏமாற்றப்பட்டுவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஆப் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். கட்டிய சந்தா திரும்பத் தரப்படாது என்று ஒரே மாதிரி பதில். யுபிஐ ஆப்பில் புகார் கொடுத்தால், மாண்டேட்படி சரியாகத்தான் எடுக்கப்பட்டது என்று மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பற்றித் தெரிந்துகொண்டேன். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிற இடம். ஆனால் அங்கே பதிவானதும் நிறுவனத்தின் தொனி மாறியது. நான் கொடுத்தவை: பாஸ்புக் வரியின் தேதியும் பரிவர்த்தனை எண்ணும், மாண்டேட் விவரத்தில் இருக்கும் யுஎம்என் என்ற அதன் அடையாள எண், ஒரு ரூபாய் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட். விளம்பரம் என் போனிலும் வந்ததால் படம் எடுக்க முடிந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறையில், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். நுழைவது சுலபம், வெளியேறுவது கடினம் என்று வைக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று. அந்த விதிமுறையைக் குறிப்பிட்டே எழுதினேன். கடைசியாக எடுத்த 499 மட்டும் திரும்ப வந்தது. மீதி 998 போனது போனதுதான். ரத்து செய்வதற்கு முன்னாலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரத்தான பின் சில ஆப்களில் விவரம் முழுசாகத் தெரிவதில்லை.

பணத்தைவிட மாமா உடைந்துபோனதுதான் என்னைப் பாதித்தது. முப்பது வருடத்துக்கு மேல் காசை எண்ணி எண்ணிக் கொடுத்த மனிதர். "வயசாயிடுச்சும்மா, இனி எனக்குப் போன் வேண்டாம். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். அவன் என்றது என் வீட்டுக்காரரை. நான் சொல்லவில்லை. அதனால் யாரிடமும் கேட்க முடியாமல், இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு நானே உட்கார்ந்து தேட வேண்டியிருந்தது. அழுத நாட்களும் உண்டு. இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: பெரியவர்களிடம் இப்படி ஏதாவது தெரியவந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தமுறை பாஸ்புக்கை உங்களிடம் நீட்ட மாட்டார்கள். எங்கள் வீட்டில் மாமாவே பிறகு ஒரு நாள் மகனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எனக்கும் மனசு லேசானது.

அந்த அதிர்ச்சியில் வீட்டில் வேறு எங்கெல்லாம் பணம் போகிறது என்று உட்கார்ந்து எழுதினேன். சந்தா ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் நான்கு. ஒன்று யுபிஐ ஆட்டோபே, அதைச் சொல்லிவிட்டேன். இரண்டு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு. வங்கியின் நெட்பேங்கிங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் அல்லது இ-மாண்டேட் என்ற தலைப்பில் பட்டியல் இருக்கும். மூன்று, பிளே ஸ்டோர். வலது மேல்மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். ஒரே போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், பையனின் யூடியூப் பிரீமியம் அப்படித்தான் கிடைத்தது, பழைய டேப்லெட்டில் இருந்த கணக்கில். நான்கு, மொபைல் ரீசார்ஜ், ஃபைபர், டிடிஎச் பில். இதில் கூடுதல் தொகை தனியாகத் தெரியாது, பில்லோடு கலந்திருக்கும்.

எழுதி முடித்தபோது நோட்டில் இருந்தது இது. நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்ட் மாதம் 499, வருடத்துக்கு 5,988. அமேசான் பிரைம் வருடம் 1,499. ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் வருடம் 1,499. யூடியூப் பிரீமியம் மாதம் 149, வருடத்துக்கு 1,788. மாமாவிடம் எடுத்த 1,497. கேபிளுக்கு மாதம் 300, வருடத்துக்கு 3,600. கூட்டினால் 15,871 ரூபாய். ஃபைபர் பில் இதில் சேரவில்லை, அது பையன் படிப்புக்கும் வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும்போது சின்னத் தொகை. பதினாறாயிரத்தை நெருங்குகிறது என்று பார்த்ததும் கோபம்தான் வந்தது. அத்தையின் முழங்கால் சிகிச்சையைப் பணம் பார்த்துத்தான் தள்ளிப்போட்டிருந்தோம்.

அதைவிடக் கோபம் வந்தது இரட்டைச் செலவைப் பார்த்தபோது. எங்கள் ஃபைபர் திட்டத்திலேயே ஹாட்ஸ்டார் சேர்ந்து வருகிறது. பில்லில் அதற்கான பணத்தையும் கட்டிக்கொண்டு, தனியாகவும் 1,499 கட்டியிருக்கிறோம். திட்டத்தில் சேர்ந்து வரும் ஓடிடி தானாக வந்துவிடாது, இணைப்பு நிறுவனத்தின் ஆப்பில் போய் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்கு ஓடிபி வரும். இணைப்பு என் வீட்டுக்காரர் பெயரில், அவருடைய ஊர் எண்ணில். அந்த சிம் மஸ்கட்டில் ஏதோ பெட்டிக்குள் கிடந்தது. ரீசார்ஜ் செய்து, ரோமிங் போட்டு, அவர் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்துக்குக் காத்திருந்து, அவர் ஓடிபி சொல்லச் சொல்ல நான் இங்கே அடித்து, அது காலாவதியாகி, மறுபடி கேட்டு, இப்படிப் பல இரவு போனது. கடைசியில் பதிவு எண்ணையே என் எண்ணுக்கு மாற்றிவிட்டோம். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் வீட்டு இணைப்பு இருந்தால் இதை அவர் லீவில் வந்திருக்கும்போதே செய்துவிடுங்கள். மொபைல் ரீசார்ஜிலும் இதே கதை. ஓடிடி சேர்ந்த திட்டத்துக்கும் சேராத திட்டத்துக்கும் விலை வித்தியாசத்தைப் பாருங்கள். வீட்டில் நாலு போனுக்கும் அதே சலுகையோடு ரீசார்ஜ் செய்தால் ஒரே ஆப்புக்கு நாலு முறை பணம் கொடுக்கிறீர்கள், பார்ப்பது ஒரே டிவியில்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தேன். நெட்ஃபிளிக்ஸில் 499 ஸ்டாண்டர்டுக்கும் 199 பேசிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், பேசிக்கில் படத்தின் தெளிவு 720பி, ஒரே நேரத்தில் ஒரே திரை. ஸ்டாண்டர்டில் 1080பி, இரண்டு திரை. எங்கள் டிவி 32 அங்குலம், எச்டி ரெடி, அதன் திரையே 1366-க்கு 768 புள்ளிதான். 1080பி படத்தை அனுப்பினாலும் காட்ட அதற்கு வழியில்லை. டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்பு திருச்சியில் இருக்கும் என் தங்கையும் இதில் பார்ப்பாள், அதற்காக இரண்டு திரை வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் இருந்து ஒரு கணக்கு ஒரே வீட்டுக்குத்தான் என்று ஆகிவிட்டதால் அந்தக் காரணமும் போய்விட்டது. ஆனாலும் 499 கட்டிக்கொண்டே இருந்தோம், ஏனென்றால் அது தானாகப் போய்க்கொண்டிருந்தது.

பிரைமில் கணக்கு வேறு மாதிரி. மாதம் 299, மூன்று மாதம் 599, வருடம் 1,499. மாதம் மாதமாகக் கட்டினால் ஐந்து மாதத்திலேயே கிட்டத்தட்ட வருடத் தொகை வந்துவிடும். அதனால் வருடத்தில் ஐந்து மாதமாவது பார்ப்பீர்களா, அல்லது அதில் அடிக்கடி பொருள் வாங்கி டெலிவரி சலுகையைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை என்றால் பார்க்கிற மாதம் மட்டும் 299 போதும். 2025 ஜூனில் இருந்து படத்துக்கு நடுவில் விளம்பரமும் வருகிறது, வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக மாதம் 129. நாங்கள் அதைக் கட்டவில்லை, விளம்பரம் ஓடும்போது அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

பையனுக்குக் கிரிக்கெட். விளம்பரம் இல்லாத ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் வேண்டும் என்று அவன்தான் வாங்க வைத்திருந்தான். ஆனால் நேரலை விளையாட்டில் பிரீமியத்திலும் விளம்பரம் வரும், அது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. 2025-ல் விளம்பரத்தோடு வரும் சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு 299 ரூபாயாகத்தான் இருந்தது. ஐபிஎல் மார்ச் கடைசியில் ஆரம்பித்து இரண்டு மாதச் சொச்சம் ஓடும். ஃபைபரில் சேர்ந்து வராத வீடுகளுக்கு அந்தச் சீசனுக்கு மட்டும் மூன்று மாதத் திட்டம் போதுமானது. விலைகள் அடிக்கடி மாறுகின்றன, கட்டும் அன்றைக்கு ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளை நிறுத்தலாமா என்று யோசித்தேன். மாமாவும் அத்தையும் பார்ப்பது பழைய படங்களும் சீரியலும் செய்தியும். ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் வர வேண்டும், ஆப் திறந்து தேடுவதெல்லாம் அவர்களுக்கு ஒத்துவராது. அவர்கள் வசதியில் கை வைத்து மிச்சம் பிடிக்க எனக்கு மனமில்லை. ஆனால் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறைப்படி வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வசூலுக்கு வந்த தம்பியிடம் சொன்னேன். "அக்கா, பேக்கேஜ்தான் எல்லாரும் போடுறாங்க" என்று முதலில் தயங்கினான். இந்தி, ஆங்கிலம், குழந்தைகள் சேனல் எதுவும் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் மாற்றிக் கொடுத்தான். 300 இருந்தது 220 ஆனது. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு மட்டும்தான். போனில் பார்க்க, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பும் இருக்கிறது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை இலவசமாகப் பார்க்கலாம்.

மலிவாகக் கிடைக்கிறது என்று டெலிகிராமில் விற்கிற கணக்குகளை வாங்காதீர்கள். பையனின் நண்பன் வீட்டில் ஒரு வருடச் சந்தா என்று 300 ரூபாய்க்கு வாங்கினார்கள். சில வாரத்தில் கடவுச்சொல் மாறிவிட்டது, விற்றவனைக் காணவில்லை. புகார் கொடுக்கவும் முகாந்திரம் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். மாமாவின் ஓய்வூதியக் கணக்கில் எந்த ஆட்டோபேயும் கிடையாது. அவர் போனில் யுபிஐக்கு வேறு வங்கியில் ஒரு சின்னக் கணக்கு இணைத்திருக்கிறோம், அதில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை, காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் அது போதும். சந்தா எதுவானாலும் என் எண்ணில், என் ஒரே யுபிஐ ஆப்பில் மட்டும். பையனின் போனில் பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு ஒரு ஆப், அதற்கு மேல் இல்லை. பணம் கட்டிய அன்றைக்கே ரத்தும் செய்துவிடுவேன். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை ஓடும், உடனே நின்றுவிடாது. நெட்ஃபிளிக்ஸில் பார்த்த விவரமும் புரொஃபைலும் சில மாதங்களுக்கு அப்படியே இருக்கும், திரும்பச் சேரும்போது விட்ட இடத்தில் இருந்து பார்க்கலாம். ஆனால் ட்ரையலில் மட்டும் கவனம், சில ஆப்களில் ரத்து செய்த நொடியே நின்றுவிடும். அதனால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ட்ரையல் எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

எந்த மாதம் எந்த ஆப் என்பதை எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டிய படங்களின் பெயரை ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் அவரவர் எழுதி வைப்பார்கள். ஒரு ஆப்பில் நாலைந்து சேர்ந்த பிறகுதான் பணம் கட்டுவேன். ஒரே ஒரு படத்துக்காக என்றால் வாடகைக்கு எடுக்க முடியுமா என்று பார்ப்பேன், யூடியூபிலும் பிரைமிலும் அந்த வசதி உண்டு. பெரும்பாலும் எடுத்த 30 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பரீட்சை மாதங்களில் எந்தச் சந்தாவும் கிடையாது, இதைப் பையனே ஒத்துக்கொண்டான்.

இந்த வருடம் நெட்ஃபிளிக்ஸ் பேசிக் மூன்று மாதம், பிரைம் இரண்டு மாதம், கேபிள் முழு வருடமும். 597, 598, 2,640. மொத்தம் 3,835 ரூபாய். முழங்காலுக்கு அத்தையை டாக்டரிடம் அழைத்துப்போக ஆரம்பித்துவிட்டோம், ஃபிசியோதெரபி வாரத்தில் இரண்டு நாள். மாமா மறுபடி பாஸ்புக் அச்சடிக்கப் போகிறார். புரியாத பெயர் ஏதாவது இருந்தால் வட்டம் போட்டு என் பக்கம் தள்ளுவார், அன்றைக்கே யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பக்கத்தையும் நான் திறந்து அவருக்குக் காட்டிவிடுகிறேன்.